இருநூறிலிருந்து எண்பதுக்கு

குடும்பக் காரை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோவதென்றால் முதல் வேலை அதைக் காலி செய்வது. கட்டிவைக்காத ஒரு பொருளும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினால் ஒரு வீட்டின் சமீபகால வரலாறே வெளியே வரும்: உடைந்த கிரேயான், பார்க்கிங் ரசீது, தேடித் தேடிக் கைவிட்ட ஒற்றைக் கொலுசு, கல்லாகிப்போன முறுக்கு. ஓட்டுபவர் காலடியில் கிடக்கும் மேட்டையும் எடுத்துவிட வேண்டும். முழு வேகத்தில் அது நழுவிப் போய் பிரேக் பெடலுக்கு அடியில் மடிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பரிசோதனை. செய்பவர் சம்பளத்துக்கு வந்தவர் அல்ல, ஆசைக்கு வந்தவர். சக்கரத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார். பேரிங் தளர்ந்திருந்தால் அந்த ஆட்டத்திலேயே அவர் கைக்குத் தெரிந்துவிடும். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே டார்ச் அடித்து பிரேக் பேடில் எவ்வளவு கனம் மிச்சம் என்று பார்ப்பார். பேட்டரியைப் பிடித்து அசைப்பார். 'பிரேக்கை மிதிங்க' என்று பின்னால் நின்று சொல்லி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்டிக்கரைப் படிப்பார். கார் ரேஸுக்கென்று சான்று பெற்ற ஹெல்மெட்டில் உட்புறம் தீப்பிடிக்காத துணி இருக்கும், பைக் ஹெல்மெட்டில் இருக்காது என்பதால் பல கிளப்புகளில் இரண்டாவது செல்லாது. கடைசியாகச் சக்கர நட்டுகள். டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு நட்டிலும் 'டக்' என்று சொல்லி நிற்கும். இருபது 'டக்'குகளையும் பக்கத்தில் நின்று எண்ணிக் கேட்பதில் ஒரு சின்ன நிம்மதி உண்டு.

அமெரிக்காவில் இந்த மாதிரி நாட்களுக்கு ஹை பெர்ஃபார்மென்ஸ் டிரைவர் எஜுகேஷன் என்று பெயர். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது, பெரும்பாலும் நேரம் குறிப்பதும் கிடையாது. புதிதாக வருபவர் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் உட்காருவார். அனுபவத்தைப் பொறுத்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் மற்றவர்கள் வகுப்பில் இருப்பார்கள், இல்லையென்றால் நிழல் தேடி உட்கார்ந்து டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் இதற்கெல்லாம் பொறுப்பேற்காது. அந்த ஒரு நாளுக்கென்று தனி பாலிசி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்தாலே பாதி வேகம் குறைந்துவிடும்.

நான் கொண்டுபோவது கேடிலாக் சிடி5-வி பிளாக்விங். எதிரே வந்தால் வசதியான டாக்டர் ஒருவர் கிளினிக்குக்குப் போகிறார் என்று நினைப்பீர்கள். நான்கு கதவு, தாராளமான பின்சீட், பெட்டிகள் அடங்கும் டிக்கி. முன்மூடிக்குக் கீழே 6.2 லிட்டர் வி8 எஞ்சின், அதன் மேல் ஒரு சூப்பர்சார்ஜர், மொத்தம் 668 குதிரைத்திறன். இத்தனைக்கும் நடுவே, 2022 மாடலாக வந்த கார் என்பதை நம்ப முடியாதபடி, மூன்றாவதாக ஒரு பெடல். கிளட்ச் மிதித்துக் கையால் போடும் ஆறு கியர். இந்த எஞ்சினை கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில் ஒருவர் கையால் கோத்து முடித்து, தன் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்றை அதன் மேல் பதிக்கிறார். வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முன்மூடியைத் திறந்து அந்தப் பெயரை யாருக்காவது படித்துக் காட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். உள்ளே இரண்டு உருளைகள், ஒவ்வொன்றிலும் திருகிச் செல்லும் நான்கு மடல்கள், ஒன்றோடொன்று உரசாமல் பின்னிச் சுழல்கின்றன. பெல்ட் வழியாக எஞ்சினே அதைச் சுற்றுவதால், காலை அழுத்திய கணமே காற்று வந்துவிடும். டர்போவில் போல மூச்சுப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் சுற்றில் தாழ்ந்த உறுமலாக இருக்கும் வி8 சத்தத்துக்கு மேலே மெல்லிய ஊளை ஒன்று எழும். சுற்று ஏற ஏற அது உறுமலோடு கலந்து, ஆறாயிரத்தை நெருங்கும்போது இரண்டும் ஒரே சத்தமாகிவிடும். எந்த இடத்தில் கலந்தது என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். பிடிபட்டதில்லை.

இருந்தாலும், பலத்தை ரசிப்பதில் பெரிய ரசனை எதுவும் தேவையில்லை. காலை அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டும். அது யாருக்கும் புரியும், ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். பலமான காரை ட்ராக்குக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் 'எவ்வளவு வேகம் போகும்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு அழகாக நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நாள் முழுக்க ஓட்டிவிட்டு இரவு கண்ணை மூடினால் திரும்ப வருவது, என் விஷயத்தில், ஆக்ஸிலரேட்டர் அல்ல. பிரேக்தான். இன்னும் நுட்பமாகச் சொன்னால், பிரேக்கிலிருந்து கால் மேலே வரும் விதம்.

இடம் லகூனா சேகா. கலிஃபோர்னியாவில் மான்ட்டரேவுக்கும் சலினாஸுக்கும் நடுவே உலர்ந்த குன்றுகளுக்குள் இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கத்திலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி 101 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால், கில்ராயைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் பூண்டு வாசனை உள்ளே வந்துவிடும். அப்புறம் சலினாஸின் கீரை வயல்கள். ட்ராக்கை அடையும்போது கடல் மூடுபனி குன்றுகளின் இடுப்பளவில் நிற்கும். காலை முதல் குழு பெரும்பாலும் அது விலகக் காத்திருந்துதான் கிளம்பும்.

பக்கத்துப் பெப்பிள் பீச்சில் ஒரு காலத்தில் பைன் காட்டுக்குள் போகும் பொதுச் சாலையிலேயே கார்ப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1956இல் ஏர்னி மெக்காஃபி என்ற ஓட்டுநர் மரத்தில் மோதி இறந்ததோடு அது முடிவுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ராணுவத்தின் ஃபோர்ட் ஆர்டு நிலத்தில் இந்த ட்ராக்கைப் போட்டார்கள். 1957 நவம்பரில் முதல் போட்டி. பீட் லவ்லி ஃபெராரியில் வென்றார். இன்று ட்ராக்கின் நீளம் 3.6 கிலோமீட்டர், பதினொரு வளைவுகள். உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் இடையே 55 மீட்டர் வித்தியாசம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தவர்களுக்கும், பின்னால் 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டையில் பார்த்தவர்களுக்கும் ட்ராக் என்றால் சமதரைதான். ரோடு மலையேறி, மறுபக்கம் விழுந்து இறங்குவது நமக்குப் புது சங்கதி.

சத்தத்துக்கு இங்கே கணக்கு உண்டு. சுற்றுவட்டாரத்தில் வீடுகள் இருப்பதால், சாதாரண நாட்களில் 90 அல்லது 92 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது. ட்ராக் ஓரத்தில் ஒரு சாவடியில் மைக் வைத்துக் காத்திருப்பார்கள். மீறினால் கறுப்புக் கொடி காட்டி ட்ராக்கிலிருந்து வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் வண்டிகள் நிறுத்தும் பாடாக்கில் விசித்திரமான குழாய் வேலைகளைப் பார்க்கலாம். சைலன்சர் வாயில் வளைந்த தகரத் துண்டு ஒன்றை மாட்டி, சத்தம் சாவடிக்கு எதிர்ப்பக்கம் போகும்படி திருப்பியிருப்பார்கள். லட்சம் டாலர் காரின் பின்னால் கொல்லன் பட்டறைக் குழாய்! எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். பிளாக்விங்கில் எக்ஸாஸ்டை அமைதி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படியும் சாவடியைக் கடக்கும்போது காலைக் கொஞ்சம் தளர்த்துவது மரியாதை.

இனி இரண்டாம் வளைவு. இதற்காகத்தான் இத்தனையும்.

நேர்ரோட்டில் நான்காவது கியரில் ஏறி வருகிறீர்கள். முதல் வளைவு என்று கணக்கில் சொன்னாலும் அது இடப்பக்கம் லேசாக ஒடியும் ஒரு மேடுதான். அந்த மேட்டின் உச்சியில் அடுத்து என்ன இருக்கிறது என்றே தெரியாது. உச்சியைத் தாண்டியதும் ரோடு கீழே சரிகிறது, அந்தச் சரிவின் அடியில் இரண்டாம் வளைவான ஆண்ட்ரெட்டி ஹேர்பின் வாய் திறந்து காத்திருக்கிறது. இப்போது மணிக்கு 200 கிலோமீட்டர். வளைவின் உள்முனையில் 80 இருந்தால் போதும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வண்டி ஏறக்குறைய 1,870 கிலோ. ஆளையும் சேர்த்தால் 1,950. இருநூறிலிருந்து எண்பதுக்கு இறங்கும்போது கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 25 லட்சம் ஜூல். ஏழரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. எவ்வளவு நேரத்தில்? நான்கு வினாடிக்குள். இதைக் குதிரைத்திறனாக மாற்றினால், காற்றின் தடையைக் கழித்த பிறகும், 800க்கு மேல் வருகிறது. அதாவது இந்த வண்டியில் எஞ்சினைவிட பிரேக் பலசாலி. பிரேக் டிஸ்க் என்ற அந்த உலோகத் தட்டுகளைப் பற்றி எந்த விளம்பரமும் இப்படிச் சொல்வதில்லை, பாவம். முன்சக்கரங்களுக்குள் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வட்டங்கள்தான் மாலையில் நம்மை முழுசாக வீட்டுக்கு அனுப்புகின்றன.

மிதிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரே குத்தாகக் குத்தினால் டயருக்குச் சுமை வந்து சேர்வதற்குள் பிரேக் பிடித்துவிடும், ஏபிஎஸ் கடகடக்கும். முதலில் பேட் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு, அரை வினாடிகூட இல்லாத ஒரு தொடுகை. அந்தத் தொடுகையில் மூக்கு லேசாகத் தாழும். பின்சக்கரங்களில் இருந்த எடையில் ஏறக்குறைய 300 கிலோ முன்னால் நகர்ந்து முன்டயர்களைத் தரையில் அழுத்தும். அப்படி அழுத்தியபின் முன்டயருக்குப் பிடி கூடுகிறது. கூடிய பிடியின் மேல் இன்னும் அழுத்தலாம். இப்போது சீட் பெல்ட் காலர் எலும்பைக் கண்டுபிடிக்கும். கன்னச் சதை முன்னே வரும். தூரப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் கடந்துபோகும். நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு கியர் இறங்கும்போது எஞ்சின் தானே ஒரு சின்ன இருமல் இருமிச் சுற்றைச் சரிசெய்துகொள்ளும். இந்த எஞ்சினுக்கு அடியிலிருந்தே இழுவை இருப்பதால் பெரும்பாலான சுற்றுகளை மூன்றாவதிலும் நான்காவதிலுமே முடித்துவிடலாம். இரண்டாவதைத் தேடிப் போவது வீம்பு.

இதுவரை எல்லோரும் செய்வதுதான். நயம் இதற்கு அடுத்து வருகிறது.

டயருக்கு இருக்கும் பிடி ஒன்றுதான். அதை நிற்பதற்கும் செலவழிக்கலாம், திரும்புவதற்கும் செலவழிக்கலாம். முழுவதையும் நிற்பதற்கே கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்காது, நேரே போகும். பிரேக்கை முழுக்க விட்டுவிட்டுத் திருப்பினால், முன்னால் குவிந்திருந்த எடை பின்னால் ஓடிவிடும். முன்டயர் லேசாகி, அப்போதும் மூக்கு திரும்பாது. ஆகவே கை திருப்பத் திருப்ப, அதே அளவுக்குக் கால் மேலே வர வேண்டும். கை ஒரு அங்குலம், கால் ஒரு நூல். கையும் காலும் ஒரே கணக்கில் எதிரெதிராகப் போகின்றன. சரியாக அமைந்தால் நேர்க்கோட்டில் நின்றுகொண்டிருந்த ஏறக்குறைய இரண்டு டன் எடை, எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லாமல், முன்னிருந்து வலப்பக்கத்துக்கு வழுக்கிப் போய்ப் படியும். பின்பக்கம் ஒரு மயிரிழை வெளியே வந்து வண்டியைத் தானே உள்ளே திருப்பிவிடும். ஸ்டீயரிங்கை மேலும் திருப்ப வேண்டியிருக்காது. இருந்த இடத்தில் பிடித்துக்கொண்டால் போதும்.

அமையாதபோது பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்தில் இருக்கும் பயிற்றுநருக்குத் தெரியும். எனக்கு வாய்த்தவர்களில் ஒருவர், விமானங்களில் ரேடியோ பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், இன்டர்காமில் அதிகம் பேசமாட்டார். நன்றாக வந்தால் தன் தொடையில் ஒரு விரலால் தட்டுவார். ஹெல்மெட்டுக்குள் தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணில் அந்த விரலைப் பார்க்க வேண்டும். நான் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு துணிச்சலாக மிதித்தாலும் அந்த விரல் அசைந்ததில்லை.

ட்ராக்கின் புகழெல்லாம் எட்டாம் வளைவுக்கு. கார்க்ஸ்க்ரூ. ஆறாம் வளைவில் ரோடு ஒரு குழியில் அமுங்கி, அங்கிருந்து நீண்ட ஏற்றம். 668 குதிரைத்திறன் தன் வேலையைக் காட்டும் இடம் இதுதான். ஏற்றம் என்பதையே வண்டி மறந்துவிடும். ஏறி உச்சியை நெருங்கினால் எதிரே ரோடு இல்லை. வானம் இருக்கிறது, அப்பால் சில ஓக் மரங்களின் தலை இருக்கிறது. பிரேக் அடித்து, இடப்பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பும்போதும் போகப்போகும் ரோடு கண்ணில் படாது. மரத்தைப் பார்த்து ஓட்டு என்பார்கள் பழையவர்கள். மரத்தை நம்பித் திருப்பினால் மூக்கு உச்சியைத் தாண்டியதும் தரை காலடியிலிருந்து நழுவும். 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் இறக்கம், நடுவில் இடமிருந்து வலத்துக்கு ஒரு திருப்பம். வயிறு ஒரு கணம் மேலேயே தங்கிவிடும். 1996இல் அலெக்ஸ் ஜனார்டி கடைசிச் சுற்றில் இதே இடத்தில் பிரயன் ஹெர்ட்டாவை முந்தினார். உட்பக்கமாகப் பாய்ந்து, ட்ராக்கை விட்டு மண்ணில் இறங்கி, மறுபடி ஏறி, முதலாவதாக வந்தார். இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அதில் கால்பங்கு செய்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இந்த இடத்தில் பிடித்தது வேறு. இறக்கத்தின் அடியில் வண்டி தன் முழு எடையோடு தரையில் வந்து உட்காரும் அந்த நொடி. இவ்வளவு கனமான செடான், சாதாரண ஷாக் அப்சார்பராக இருந்தால், ஒருமுறை அமுங்கி, எம்பி, மறுபடி அமுங்கித்தான் அடங்கும். இதில் இருப்பது சாதாரண எண்ணெய் அல்ல, இரும்புத் துகள் கலந்த எண்ணெய். உள்ளே மின்காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசைகட்டி நிற்கும், எண்ணெய் கெட்டிப்படும். நிறுத்தினால் மறுபடி இளகிவிடும். ஒரு வினாடிக்குள் ஆயிரம் தடவைவரை இப்படிக் கெட்டியாகவும் இளகவும் முடியும். 2002 மாடல் கேடிலாக் செவிலில்தான் இது முதன்முதலாக வந்தது. பின்னால் ஃபெராரிகூட இதை எடுத்துக்கொண்டது. கார்க்ஸ்க்ரூவின் அடியில் இதன் பலனை இடுப்பால் உணரலாம். வண்டி ஒருமுறை உட்காரும். அவ்வளவுதான். எழுந்திருக்காது. உட்கார்ந்த கணமே அடுத்த வேலைக்குத் தயார்.

அடுத்த வேலை ஒன்பதாம் வளைவு. மூன்று முறை 500 சிசி மோட்டார் சைக்கிள் உலக சாம்பியனான வெய்ன் ரெய்னியின் பெயர் அதற்கு. கார்க்ஸ்க்ரூவைப் படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக நிற்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு நஷ்டம். நீண்ட, இறங்கிக்கொண்டே போகும் இடது வளைவு. இறக்கம் என்பதால் எடை ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, பின்பக்கம் லேசாக இருக்கிறது. இங்கே பிரேக்கைத் தொடுவது எவ்வளவு ஆபத்தோ, ஆக்ஸிலரேட்டரை விடுவதும் அவ்வளவு ஆபத்து. வலதுகால் பெருவிரலுக்கு அடியில் ஒரு காகிதம் இருப்பதாகவும் அது நழுவாமலும் கசங்காமலும் இருக்க வேண்டும் என்பதாகவும் நினைத்து அழுத்திக்கொண்டே, உள்முனை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். 668 குதிரைகளில் நாற்பதோ ஐம்பதோதான் இங்கே வேலை செய்கின்றன. மற்றவை சும்மா இருக்கின்றன. அவற்றைச் சும்மா வைத்திருப்பதில் ஒரு சுகம். இந்த ட்ராக்கிலேயே அழகான வளைவு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முந்துவதற்கும் இங்கே ஒரு நாகரிகம் உண்டு. பின்னால் வருபவர் தானாக முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, எந்தப் பக்கம் வரலாம் என்று காட்ட வேண்டும். இடப்பக்கம் என்றால் கை நேராக நீளும். வலப்பக்கம் என்றால் கூரைக்கு மேலே வளைந்து சுட்டும். ஒரு வண்டிக்கு ஒரு சைகை. மூன்று பேருக்கு வழிவிட வேண்டுமென்றால் மூன்று முறை காட்ட வேண்டும்.

பலமான செடானுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. மாஸ்டா மியாட்டா என்று சின்ன இரண்டு சீட் கார் ஒன்று உண்டு. 181 குதிரைத்திறன்தான், ஆனால் எடை இந்தக் கேடிலாக்கில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வளைவுகளில் அது என் பின்பம்பரில் வந்து ஒட்டிக்கொள்ளும். நேர்ரோடு வந்ததும் நான் காலை அழுத்தினால் கண்ணாடியில் புள்ளியாகிவிடும். அடுத்த வளைவில் மறுபடி ஒட்டும். இப்படியே இருபது நிமிடமும் அந்த ஆளை அடைத்து வைத்திருக்கலாம். பலருக்கு அதில் சந்தோஷமும் இருக்கிறது. 'என்னை முந்த முடியவில்லை பார்' என்று பாடாக்கில் வந்து சொல்வார்கள். அதைவிட அல்பமான காரோட்டம் இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். செய்ய வேண்டியது எளிது. நேர்ரோட்டின் நடுவில் கையை நீட்டிவிட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுசாகக் காலை எடுக்க வேண்டும். சூப்பர்சார்ஜரின் ஊளை அடங்கும். பக்கத்தில் சின்ன நான்கு சிலிண்டர் எஞ்சின் தன்னால் முடிந்தமட்டும் கத்திக்கொண்டு, பொறுமையாக, மிகப் பொறுமையாக, என்னைத் தாண்டிப் போகும். அந்த நான்கைந்து வினாடிகள் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு கிடைப்பது பெரிய வரவு. அடுத்த பத்து வளைவுகளுக்கு நல்ல ஓட்டுநர் ஒருவர் எனக்கு முன்னால் போகிறார். அவர் பிரேக் விளக்கு எங்கே எரிகிறது என்பதைவிட எப்போது அணைகிறது என்று பார்த்தால் போதும். விளக்கு அணைவதும் மூக்கு திரும்புவதும் அவருக்கு ஒரே அசைவு.

அப்படி வழிவிட்ட ஒரு மியாட்டாவிலிருந்து இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என் பக்கம் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், நெற்றியில் வியர்வையோடு ஒரு கீற்று விபூதி.

"அண்ணா, நீங்க தமிழா? டயர் பக்கத்துல தயிர்சாத டப்பா இருக்கறதப் பாத்தேன்."

"ஆமாப்பா. நீங்க?"

"விருதுநகர்ண்ணா. சன்னிவேல்ல இருக்கேன். நேர்ரோட்ல கால எடுத்தீங்க பாருங்க, பெரிய வண்டிக்காரங்க யாரும் எடுக்க மாட்டாங்கண்ணா."

"உங்க பிரேக் லைட்டப் பாத்துட்டே வரலாம்னுதான். சுயநலம்."

சிரித்தார். பிறகு, ட்ராக்கில் பழகிய எல்லோரையும் போல, என் முகத்தை விட்டுவிட்டு என் டயரைப் பார்க்க ஆரம்பித்தார்.

வண்டி வந்து நின்றதும் கைப்பிரேக் போடக் கூடாது. பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் படிந்துவிடும், அப்புறம் பிரேக் அடிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அதற்கு முன் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காற்றுப் பட விட்டிருக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் வஸ்து. டாட் 4 வகையில் புதிதாக ஊற்றியது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்றால், ஈரம் குடித்ததன் தாக்குப்பிடிக்கும் எல்லை 155க்கு இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதித்தால் பெடல் மட்டும் கீழே போகும், வண்டி போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் ட்ராக்குக்கு வரும் முன் எண்ணெயை மாற்றிக்கொண்டு வருகிறோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், காய்ந்த இரும்பும் கருகிய பேடும் கலந்த ஒரு நெடி. டிஸ்க் சூடு இறங்க இறங்க, உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சின்னச் சத்தம்.

டயரைப் படிப்பது தனிக்கலை. மிச்செலின் டயரின் தோள்பட்டையில், நடுப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், அந்தக் கம்பெனியின் குண்டுப் பொம்மை நகத்தளவில் அச்சடித்திருக்கும். சாலையில் ஓட்டுபவர்கள் ஆயுளுக்கும் அதைக் கவனிக்காமல் போகலாம். ட்ராக்கில் அந்தப் பொம்மைதான் அளவுகோல். வளைவில் டயர் மடங்கித் தரையில் உரசிய தடம் பொம்மையின் காலுக்கு வந்தால் சரி. பொம்மையையே தேய்த்துவிட்டிருந்தால் காற்றுக் குறைவு. காலுக்கு எட்டவே இல்லை என்றால் காற்று அதிகம். இந்த ட்ராக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகிறது, இடது வளைவுகளே அதிகம். ஆகவே அதிகம் உழைப்பது வலது முன்டயர். அதன் மேல்பரப்பைக் கையால் தடவினால் கொதிக்கும். ரப்பர் வழவழப்பு போய், மாட்டு நாக்கைப் போல் சொரசொரவென்று இருக்கும். விளிம்பில் ட்ராக்கிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருக்கும்.

விருதுநகர்க்காரர் குந்தி உட்கார்ந்து, அந்த வலது முன்டயரின் தோளில் கட்டைவிரலை வைத்தார். தடம் பொம்மையின் காலுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றிருந்தது.

"காலைல எவ்ளோ வெச்சீங்கண்ணா?"

"முப்பத்திரண்டு பவுண்டு."

மாட்டியிருந்த கேஜில் முள் நாற்பதைத் தொட்டு நின்றது. வெயிலும் ஏறியிருந்தது, டயரும் காய்ந்திருந்தது. அவர் என்னிடம் கேட்காமலே வால்வை விரல்நகத்தால் அழுத்தினார். 'உஸ்' என்று சூடான ரப்பர் வாடையோடு காற்று வந்தது. முப்பத்தாறில் நிறுத்தினார்.

"மத்த மூணையும் பாத்துட்டு எறக்குங்க. எல்லாத்துக்கும் ஒரே அளவு வேண்டாம். இடது பின்னாடி இன்னும் தூங்கிட்டுதான் இருக்கும்."

கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். அதை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பார்க்க கேஜை வாங்கிக்கொண்டேன்.